நிப்லா பஸ்ஸில் ஒரு வருகையாளர்

போன கிழமை நாம் ஸகியாவை விட்டுவந்தது அவளுடைய வீட்டு முன்னறையில், கையில் ஒரு நோட்டீஸோடு. பொத்துவிலுக்கும் கல்முனைக்கும் இடையில் ஓடுகிற தனியார் பஸ்காரர்களின் சங்கம் அடித்த நோட்டீஸ் அது. எழுதிக் கொடுத்தது அவளுடைய புருஷன் ஜெஸீம், சங்கத்தின் செயலாளர். ‘ஊர் அட்டை உள்ளோருக்குப் பழைய கட்டணம். ஏனைய வருகையாளருக்குப் புதிய கட்டணம்.’ நிந்தவூரில் குடியிருக்கிறவர்களுக்குச் சங்கம் கொடுக்கிற அட்டைதான் ஊர் அட்டை.

வருகையாளர் என்ற சொல்லை வாசித்துவிட்டு அவள் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். கலியாண வாசலில் நின்று வரவேற்கிற மாதிரி அழைத்து, உள்ளே ஏற்றி, மடியில் கையை விடுகிறீர்களே என்று புருஷனைக் கேலி பண்ணினாள்.

இந்த வெள்ளிக்கிழமை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

காலை ஒன்பது மணியிலிருந்து கச்சிமுகம்மது கிணற்றடியில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். ஸகியாவின் வாப்பா. இரண்டு வருடத்துக்கு முன்னர் பாரிசவாதம் அடித்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வாய் கொஞ்சம் கோணினாலும் நாக்கு மட்டும் முன்னையைவிடக் கூர்மை. தலையில் எண்ணெய் வைத்து, தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு, கேற்றைப் பார்த்தபடி இருந்தார். பக்கத்தில் வெயிலில் வைத்த இரண்டு வாளித் தண்ணீரும் சூடாகி நின்றன.

அவர் காத்திருந்தது மகன் நிப்றாஸுக்காக. வெள்ளிக்கிழமைக் குளிப்பு என்றால் அவருக்கு மகன்தான் வேண்டும். மகள் தொட்டால் கண்ணை இறுக மூடிக்கொள்வார், குமர்ப்பிள்ளைபோல வெட்கப்படுவார், பிறகு அன்று முழுக்கச் சாப்பிடமாட்டார். மருமகன் உடம்பைப் பார்ப்பதா, அதுக்கு மௌத்தாப் போய்ச் சேரலாம் என்பார். காசு கொடுத்து ஓர் ஆளைப் பிடித்தார்கள். அவனை வாளியோடு விரட்டினார். மற்ற நாளெல்லாம் ஈரத்துணியால் தானே எட்டினமட்டும் துடைத்துக்கொள்வார். கிழமைக்கு ஒரு நாள், நிப்றாஸ் பொத்துவிலிலிருந்து பஸ் ஏறி வந்து தலைமுதல் கால்வரை தேய்த்துக் குளிப்பாட்டி, வெள்ளைச் சாரன் உடுத்தி, அத்தர் பூசி முன்விறாந்தையில் இருத்துவான். பள்ளி ஒலிபெருக்கியில் வருகிற குத்பாப் பிரசங்கத்தை வாப்பா அங்கிருந்தே கேட்பார். அந்த ஒரு நாளுக்காகத்தான் மனுஷன் மற்ற ஆறு நாளையும் தள்ளிக்கொண்டிருந்தார்.

பத்தேகாலுக்கு வருகிற பஸ் பத்தேகாலுக்கே போய்விட்டது. பெரிய எழுத்தில் ‘நிப்லா’ என்று எழுதிய நீலப் பஸ், ஜெஸீமுடைய சொந்த பஸ், ஹோர்ன் அடித்துக்கொண்டு முன்வீதியால் போனதை ஸகியாவே கண்டாள். தம்பி இறங்கவில்லை. போன் எடுத்தாள், வேலை செய்யவில்லை. பதினொன்றாயிற்று, பன்னிரண்டாயிற்று. பள்ளியில் பாங்கு சொன்னபோது வாப்பா தோளிலிருந்த துவாயை எடுத்து மடியில் போட்டார்.

“உள்ள கொண்டு விடு புள்ள,” என்றார். குளிக்காத உடம்போடு குத்பா கேட்கமாட்டேன் என்று பின்னறைக் கதவைச் சாத்தச் சொன்னார். வாளித் தண்ணீர் அப்படியே இருந்தது.

ஜும்ஆத் தொழுகை முடிந்து ஜெஸீம் வந்தான். கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தான். ஸகியா சோறு போட்டாள், மீன் ஆணம் ஊற்றினாள். தம்பி வரல்லையே, பஸ்ஸுக்கு ஏதும் ஆச்சா என்று கேட்டாள். அவன் முள்ளை எடுத்துப் பீங்கான் ஓரத்தில் வைத்தான்.

“வாற நேரம் வருவான்,” என்றான்.

இன்னும் கொஞ்சம் ஆணம் கேட்டான். அவளும் ஊற்றினாள். அந்த ஒரு கரண்டி ஆணத்தை நினைத்து அவள் பிறகு எத்தனை முறை தன் கையையே நொந்துகொண்டாள் என்று நமக்குத்தான் தெரியும். சாப்பிட்டு எழும்பியவன், அஞ்சு மணிக்குச் சங்கக் கூட்டம் இங்கேதான், நாலைந்து பேர் வருவார்கள், தேத்தண்ணி போட்டு வை என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மூன்றரை மணிக்கு வீட்டு வாசலில் ஒரு மீன் லொறி நின்றது. அதிலிருந்து நிப்றாஸ் இறங்கினான்.

சேர்ட்டெல்லாம் மீன் வாடை. முகம் வெயிலில் கறுத்து, உதடு காய்ந்து கிடந்தது. கையில் ஒரு பையில் இரண்டு பாரை மீன். லொறிக்காரர், வினாயகபுரத்து பாக்கியராசா, தலையை வெளியே நீட்டி, தங்கச்சி, தம்பிக்கு முதல்ல தண்ணி குடுங்க, அஞ்சு மணித்தியாலம் எங்கட ரோட்டில நிண்ட புள்ள என்றார். எதுக்கு நின்ற என்று ஸகியா கேட்டாள்.

“ஒங்கட பஸ்காரன் இறக்கிட்டுப் போனான். எங்கட ஊருக்கு நடுவால ஓடுற பஸ்ஸில நாங்களும் வருகையாளராம், தங்கச்சி. மாசத்துக்கு ஒருக்கா கிளினிக்குக்கு வாற சனம் நாங்க. நாங்க என்ன, மாசத்துக்கு ஒருக்கா வருத்தம் வாறதும் பிழையா?”

ஏச்சாகச் சொல்லவில்லை அவர், சிரித்துக்கொண்டுதான் சொன்னார். லொறி போய்விட்டது. ஸகியாவுக்கு முகம் எரிந்தது.

தம்பியை இருத்தி, தண்ணீர் கொடுத்து, துண்டு துண்டாகக் கதையை வாங்கினாள். நடந்தது இதுதான். எட்டு மணிக்குப் பொத்துவிலில் நிப்லா பஸ்ஸில் ஏறியிருக்கிறான். கொண்டக்டர் புதுசு, இன்ஸாப் என்று கல்முனைப் பொடியன். நிந்தவூர் என்று சொல்லி எப்போதும் கொடுக்கிற காசைக் கொடுத்தான். ஊர் அட்டை கேட்டான் இன்ஸாப். இல்லை. அப்படியானால் இன்னும் அறுபது ரூபாய்.

நான் நிந்தவூரான் என்றான் நிப்றாஸ். அடையாள அட்டையைக் காட்டச் சொன்னான் மற்றவன். காட்டினான். விலாசம் பொத்துவில்.

இங்கே வெளியூர் வாசகருக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கரையில் கலியாணம் முடித்தால் பெட்டி தூக்குகிறவன் ஆண்தான். வீடு பெண்ணுக்கு. மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்து மருமகனைக் கூட்டி வருவார்கள், மகனை இன்னோர் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். நிந்தவூரில் பிறந்து, நிந்தவூர் வாய்க்காலில் நீந்தி, நிந்தவூர்ப் பள்ளியில் ஓதிய நிப்றாஸ் பொத்துவிலில் பெண் எடுத்ததால் பொத்துவிலான். மருதமுனையில் பிறந்து வளர்ந்த ஜெஸீம் ஸகியாவைக் கட்டி வந்ததால் நிந்தவூரான். ஊர் அட்டைக்குக் கிராம அலுவலரான விதானையிடம் குடியிருப்புக் கடிதம் வாங்க வேண்டும் என்று சட்டம் போட்டதும் அதே ஜெஸீம்.

“கையில காசு இருந்திச்சா?” என்று ஸகியா கேட்டாள்.

“இருந்திச்சி.”

“குடுத்திருக்கலாமே, தம்பி.”

“குடுக்கிறத்துக்குத்தான் பொக்கட்டுல கைய விட்டன், ராத்தா. அப்ப அவன் பஸ்ஸில இரிக்கிற எல்லாருக்கும் கேக்கக் கத்தினான், ‘வருகையாளர் ஒண்டு’ எண்டு. ஒங்கட மகளுக்குப் பேரு வெச்சவன் நான். என்ட பேர்ல பாதிய எடுத்துத்தான் நிப்லா எண்டு வெச்ச. அந்தப் பேர எழுதின பஸ்ஸில நான் வருகையாளரா? கைய வெளிய எடுத்திட்டன்.”

பிறகு இன்ஸாப் போனில் யாரிடமோ கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டு வினாயகபுரத்தில் மணியை அடித்தான். அடுத்தடுத்து வந்த பஸ்ஸெல்லாம் அதே சங்கத்துப் பஸ். ஏறமாட்டேன் என்று நின்றான் நிப்றாஸ். அரசாங்க பஸ் அரை மணிக்கு முன்னரே போய்விட்டது. போனில் சார்ஜும் முடிந்தது.

ஆரோட கதைச்சான் அந்தக் கொண்டக்டர் என்று அவள் கேட்டாள். நிப்றாஸ் சுவரைப் பார்த்தான். தெரியாது என்றான். பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவக்கும், சின்ன வயதிலிருந்தே அப்படி. காது சிவந்திருந்தது.

சோறு எடுத்து வைத்தாள். வேண்டாம் என்றான். சாப்பிடு என்று அதட்டினாள்.

“வருகையாளருக்கும் பழைய விலையிலதான் சோறா?”

அவள் சோற்றை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவன் எழுந்து நின்றான். டைல்ஸ் பதிக்கிற வேலையில் வெள்ளிக்கிழமையை ஒதுக்கினால் ஒரு நாள் கூலி போகிறது, அதைக்கூட நான் பாக்கல்ல, இந்த மரியாதைக்கு வரத் தேவையில்லை என்றான். ஆறு மணி அரசாங்க பஸ்ஸில் போகப்போவதாகச் சொன்னான்.

“இனி இந்த ஊருக்கு மையித்துத் தூக்கத்தான் வருவன், ராத்தா.”

பின்னறைக் கதவு சாத்தித்தான் இருந்தது. ஆனால் கச்சிமுகம்மதுவுக்குப் பாரிசவாதம் காதில் அடிக்கவில்லை.

“அப்ப நான் வெள்ளிக்கிழமையாப் பாத்து மௌத்தாகணும்,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “மத்த நாளையில அவனுக்கு வேல.”

நிப்றாஸ் அப்படியே நின்றான். கொஞ்ச நேரம் கழித்து அவன் சேர்ட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் பின்னறைக்குப் போனான். வாப்பாவைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அந்த மௌனத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. இது கடைசிக் குளிப்பு என்று தம்பி முடிவெடுத்துவிட்டான். வாப்பாவுக்கும் அது தெரியும்.

அவள் முன்னறைக்கு வந்து அந்த நோட்டீஸை எடுத்தாள். அடியில் பொடி எழுத்தில் ‘முறைப்பாடுகளுக்கு’ என்று ஓர் இலக்கம். அடித்தாள். எடுத்தவன் தன் பேரை இன்ஸாப் என்றான். சங்கத்துப் போனை இன்றைக்கு அவன் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

தான் யாரென்று அவள் சொல்லவில்லை. காலையில் வினாயகபுரத்தில் ஓர் ஆளை இறக்கினீர்களாமே, அப்படி இறக்க உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது என்று மட்டும் கேட்டாள். இன்ஸாப் பதறவில்லை. அவன் பிழை ஒன்றும் செய்யவில்லை என்ற தைரியம் அவனுக்கு.

“நான் சும்மா இறக்கல்ல, ராத்தா. அடையாள அட்டையப் பாத்துப் பேர், நம்பர் எல்லாம் வாசிச்சுத்தான் முதலாளிக்கிட்டக் கேட்ட. கச்சிமுகம்மது நிப்றாஸ் எண்டு ரெண்டு தரம் வாசிச்சன். கொஞ்ச நேரம் பேசாம இரிந்தார். பொறகு, சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான், இறக்கு எண்டார்.”

ஸகியா போனை வைத்தாள்.

ரெண்டு தரம். ரெண்டு தரம் பேரைக் கேட்டவன் வீட்டுக்கு வந்து, வாப்பா குளிக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பதைக் கண்டு, உட்கார்ந்து முள் எடுத்துச் சாப்பிட்டிருக்கிறான். கழுவி வைத்த பீங்கானை எடுத்து முற்றத்தில் அடித்து உடைக்க வேண்டும்போல இருந்தது. உடைக்கவில்லை. நல்ல பீங்கான், அவள் வாங்கியது.

அலுமாரி லாச்சியைத் திறந்தாள். பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை ஒன்று மேலேயே இருந்தது. ஊர் அட்டை இலக்கம் 1. ஜெஸீமுடைய படம். விலாசம் இந்த வீடு. ஒரு பிரதி போதாதென்று இரண்டாக அடித்து ஒன்றைச் சட்டைப் பையில் கொண்டு திரிகிறான், மற்றது இது.

இந்த அட்டை வந்த அன்று அவன் எப்படிச் சந்தோஷப்பட்டான் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. பதினாறு வருடமாக இந்த ஊரில் அவனை மருதமுனையான் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளி நிர்வாகத்துக்குப் பேர் கொடுத்தபோதும் வந்தான் வரத்தானுக்கெல்லாம் எதுக்கு என்று யாரோ சொன்னது அவன் காதில் விழுந்தது. அன்றிரவு அவன் சாப்பிடவில்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இனி எவனும் கதைக்கேலாது ஸகியா, நம்பர் ஒண்டு நான்தான் என்று குழந்தைப்பிள்ளைபோலக் காட்டினான். அவளும் நெகிழ்ந்துபோனாள். சுட்ட சூடு தெரிந்தவன் இன்னொருத்தனைச் சுடமாட்டான் என்று நம்பினாள், பாவி.

ஏன் தினமும் ஏறுகிறவர்களை விட்டுவிட்டு வருகையாளர் தலையில் கட்டுகிறீர்கள் என்று போன கிழமை அவள் கேட்டபோது அவன் சொன்ன நியாயமும் ஞாபகம் வந்தது. கூட்டினது நாங்க இல்ல, டீசல் விலையோட சட்டப்படி கூடினது. ஊராக்களுக்குக் குறைச்சுக் குடுக்கிறதும் பிழையா? தினம் ஏறுகிறவன் ரோட்டை மறிப்பான். எப்பவாவது வருகிறவன் முணுமுணுத்துக்கொண்டு கொடுத்துவிட்டுப் போவான். தம்பிக்கு என்ன செய்வீங்க என்று அவள் கேட்டாள். பாப்பம் என்றான்.

பார்த்துவிட்டான்.

அஞ்சு மணிக்கு ஸகியா தேத்தண்ணி போடவில்லை. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு கேற்றை உள்ளால் கொண்டி போட்டாள். ஒரு கதிரையை எடுத்துக் கேற்றுக்குப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தாள்.

முதலில் வந்தவர் அஸீம் ஹாஜியார், சங்கத் தலைவர். ஸலாம் சொன்னார். அவளும் மரியாதையாகப் பதில் சொன்னாள். பிறகு ஊர் அட்டையைக் காட்டுங்க ஹாஜியார் என்றாள். அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். அவள் சிரிக்காததைக் கண்டு சட்டைப் பையைத் தடவினார். கொண்டுவரவில்லை.

“பொறந்த ஊர் எது, ஹாஜியார்?”

“சாய்ந்தமருது. அதுக்கென்ன, புள்ள, முப்பது வருஷமா இஞ்சதானே.”

“என்ட தம்பி இருபத்தியாறு வருஷம் இஞ்ச இருந்தவன். இண்டைக்குக் காலையில ஒங்கட சட்டம் அவன வினாயகபுரத்து வெயில்ல இறக்கினது. நீங்க மட்டும் நிழல்ல நில்லுங்க, ஹாஜியார், அந்த வேம்புக்குக் கீழ.”

பின்னால் வந்த மூன்று பேரையும் அவள் அதேபோலக் கேட்டாள். ஒருவருக்காவது பிறந்த ஊர் நிந்தவூர் இல்லை. எல்லாரும் பெண்ணின் வீட்டுக்குப் பெட்டி தூக்கி வந்தவர்கள்தான். ஒருவரை ஒருவர் பார்க்காமல் வேம்புக்குக் கீழே நின்றார்கள். அதில் ஒருவர் அடக்க முடியாமல் வந்த சிரிப்பை இருமலாக்கினார்.

கடைசியில் ஜெஸீம் வந்தான். நிற்கிறவர்களைப் பார்த்தான், கொண்டியைப் பார்த்தான். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினான்.

“ஸகியா, கேற்றத் திற. ரோட்டில வெச்சு வேணாம்.”

“அவனையும் ரோட்டிலதான் இறக்கின.”

அவன் முகம் மாறியது. நீ நினைக்கிற மாதிரி இல்ல, சங்கத்தில எல்லாரும் என்னத்தான் பாக்கிறாங்க, மச்சானுக்கு ஒரு சட்டம் மத்தவனுக்கு ஒரு சட்டமா எண்டு கேப்பாங்க என்று அவசரமாகச் சொன்னான். சொல்லும்போதே சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்திருந்தான். பழக்கத்தில் எடுத்தானோ, பயத்தில் எடுத்தானோ.

“பேர எத்தின தரம் வாசிச்சான்?” என்று கேட்டாள் அவள்.

ஜெஸீம் தலையைக் குனிந்துகொண்டான்.

“அத விடுங்க. சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான். நீங்க கையில வெச்சிருக்கிற அட்டையில இரிக்கிற விலாசம் ஆர்ட ஊடு? ஆர்ட பேர்ல ஊட்டு உறுதிப் பத்திரம் இரிக்கி?” குரல் உயரவில்லை அவளுக்கு. உயர்ந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். “ஒண்டே ஒண்டு மட்டும் சொல்லிட்டு உள்ள வாங்க. வாற வெள்ளிக்கிழம வாப்பாவ ஆரு குளிப்பாட்டுற?”

அவன் அவளைப் பார்த்தான். வேம்புக்குக் கீழே நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். அவர்கள் நாலு பேரும் பதிலைக் கேட்கத்தான் நின்றார்கள். அவர்கள் முன்னால் சட்டத்தை மாற்றினால் செயலாளர் பதவி போகும். மாற்றாவிட்டால் போகப்போவது கேற்றுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தது. அவன் அட்டையின் ஓரத்தைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டே நின்றான்.

கிணற்றடியில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது. சவர்க்கார வாடை முன்வாசல்வரை வந்தது.

“ஆரு புள்ள கேற்றில?” என்று வாப்பா சத்தம் போட்டுக் கேட்டார்.

தான் சொல்லப்போகிற சொல் எங்கே போய்க் குத்தும் என்று ஸகியாவுக்குத் தெரியும். பதினாறு வருடமாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான், அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

“ஆரோ வருகையாளர், வாப்பா.”

கொண்டியிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை.